கொங்குப் பகுதியில் வீடு: எந்தப் பாகத்துக்கு எந்தப் பொருள்?

"பில்லர் போடலாமா, இரும்பு ஃபிரேம் போடலாமா, சுவர் மேலேயே கூரையை நிறுத்தலாமா?" மனை வாங்கிய கையோடு எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இதற்கான பதில் மனைக்கு அடியில், ஆறடி ஆழத்தில் கிடக்கிறது. வீடு முழுக்க ஒரே பொருளால் ஆவதில்லை. மண்ணுக்குள் போவது ஒன்று, எடையைத் தாங்குவது ஒன்று, பக்கத்தை அடைப்பது ஒன்று, மேலே மூடுவது ஒன்று. நான்கையும் தனித்தனியாகத் தீர்மானியுங்கள். "கான்கிரீட் வீடு", "ஸ்டீல் வீடு" என்று மொத்தமாகப் பேசி முடிவெடுப்பதால்தான் தேவையில்லாத இடத்தில் கம்பி போகிறது, தேவையான இடத்தில் இல்லாமல் போகிறது.

1. முதலில் குழி

மனையின் எதிரெதிர் மூலைகளில், மூன்றடிக்கு மூன்றடி வாயுள்ள இரண்டு குழிகளை ஆறடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். பொக்லைன் வந்தால் சீக்கிரம் முடிகிற வேலை. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் கரிசல் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. ஒரே ஊரில் மேற்கு வளவு செம்மண்ணிலும் கிழக்கு வளவு கரிசலிலும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நாலடியில் நிறுத்தினார் என்பதை உங்கள் மனைக்கு அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செம்மண்ணுக்குக் கீழே மூன்று, நாலடியில் கெட்டியான கிராவலோ பாறையோ தட்டினால் கவலை இல்லை. எந்த முறையிலும் கட்டலாம். தோட்டத்தைப் பிரித்து மனை போட்ட இடமானால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: மூடிய கிணறு. நம் பக்கத்துக் கிணறுகள் அகலமானவை. மேலே மண் கொட்டிச் சமன் செய்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டின் ஒரு மூலை கிணற்று மண்ணிலும் மீதி பாறையிலும் உட்கார்ந்தால், மூலை மட்டும் இறங்கிச் சுவர் சாய்வாகப் பிளக்கும். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் கிணறு எங்கே இருந்தது என்று இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

கரிசல் வந்தால், எவ்வளவு உப்புகிறது என்று பாருங்கள். நாலடி ஆழத்து மண்ணைக் காயவைத்து, நுணுக்கி, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் 100 மி.லி. அளவுக் குழாய் இரண்டில் பத்துப் பத்துக் கிராம் போடுங்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த தண்ணீர், இரண்டும் 100 கோடு வரை. குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி ஒரு நாள் அப்படியே விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும். மறுநாள் மண்ணெண்ணெய்க் குழாயில் மண் 10ஆம் கோட்டிலும் தண்ணீர்க் குழாயில் 15ஆம் கோட்டிலும் நின்றால் உப்பல் 50 சதவீதம். அதற்குக் கீழே என்றால் பெரிய தொல்லை இல்லை. 50 முதல் 100 வரை கவனமாகக் கட்ட வேண்டிய மண். 100ஐத் தாண்டினால் மண் பரிசோதனை அறிக்கையும் கட்டமைப்புப் பொறியாளரும் இல்லாமல் ஒரு கடப்பாரையும் போடாதீர்கள்.

இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. "மண் சரியில்லை, அதனால் கனமில்லாத இரும்பு வீடாகக் கட்டிக்கொள்கிறோம்" என்பார்கள். அமுங்குகிற மண்ணுக்கு அது பொருந்தும். கரிசலின் குணமோ வேறு: மழைக்கு உப்பி மேலே தள்ளும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். கனமான கட்டடத்தைவிடக் கனமில்லாததைத்தான் அது எளிதாகத் தூக்கும். எனவே கரிசலில் எந்தப் பொருளில் கட்டினாலும் கடைக்கால் ஆழமாகப் போக வேண்டும். கரிசல் ஐந்தாறடிக்குள் முடிந்தால் அதைத் தாண்டி, கீழே உள்ள சுக்கான் மண்ணிலோ (சுண்ணாம்புக் கல் கலந்த மண்) கிராவலிலோ ஃபுட்டிங் (கடைக்காலின் அடிப்பாதம்) உட்காரட்டும். அதற்கும் கீழே போனால் அண்டர் ரீம்டு பைல் (துளை போட்டு அதில் ஊற்றும் கான்கிரீட் தூண்) போடுங்கள்: குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம், அடியில் குமிழ்போல் விரிந்த பகுதி. பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் 80 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சும் முட்டும்) வேலை மிச்சம் என்று பீமை மண் மேலேயே ஊற்றுவது வழக்கமான தவறு. உப்புகிற மண் நேராக அந்தப் பீமைத் தூக்கும். பைல் போட்ட செலவு அத்தனையும் வீண்.

பேஸ்மென்டுக்குள் (தரைமட்டத்துக்கும் வீட்டுத் தளத்துக்கும் இடைப்பட்ட பகுதி) தோண்டிய கரிசலையே திருப்பிக் கொட்டாதீர்கள். கிராவல் வாங்கி, அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள்.

2. அடுத்தது தண்ணீர்

கம்பி, சிமென்ட் பிராண்டு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. திருப்பூர், பல்லடம், காங்கேயம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நொய்யல் ஓரங்களில் சாயப்பட்டறைக் கழிவின் உப்பும் சேர்ந்துகொண்டது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, பிறகு கழிவை வெளியே விடாத சுத்திகரிப்போடுதான் இயங்க விட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் நிலத்தில் இறங்கிய உப்பு உடனே போய்விடாது.

உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டும் முதலில் கெட்டியாகத்தான் இருக்கும். ஆண்டுகள் போகப் போகக் குளோரைடு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அது வீங்கிக் கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்து, கூரையின் அடிப்பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுக்கு மேல் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன் வரையறை. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை போகலாம். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடை அல்ல. பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள்.

தண்ணீர் தேறவில்லை என்றால் கான்கிரீட்டுக்கு மட்டும் நல்ல தண்ணீர் டேங்கர் சொல்லுங்கள். கணக்கு பெரிதல்ல. ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து இஞ்ச் கூரை போட, கலக்க மட்டும் சுமார் 2,500 லிட்டர். போட்ட பின் ஈரம் காயாமல் இருக்கப் பாத்தி கட்டி இரண்டு இஞ்ச் தண்ணீர் நிறுத்த இன்னொரு 4,700 லிட்டர், பிறகு குறையக் குறைய நிரப்புவது. வீட்டின் ஆயுளை வைத்துப் பார்த்தால் இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

3. எடையை எது தாங்குவது?

சுவர் தாங்குவது. குழியில் நல்ல மண், தரைத்தளமும் மேலே ஒரு தளமும் மட்டும், அறை அகலம் 12 முதல் 14 அடிக்குள், மேல்தளச் சுவர் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே: இந்த நான்கும் பொருந்தினால் பில்லர் இல்லாமலே நன்றாகக் கட்டலாம். கருங்கல் கடைக்கால், ஒன்பது இஞ்ச் சுவர். ஃபிரேம் வீட்டுக்குச் சதுர அடிக்கு மூன்றரை, நாலு கிலோ கம்பி போகிற இடத்தில் இதற்கு இரண்டு, இரண்டரை கிலோவில் முடியும். பில்லர் இல்லையென்றால் வீடு பலவீனம் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. நம் ஊர்ப் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் சுவரிலும் மரத்தூணிலும்தான் நின்றன.

ஆனால் பெல்ட் கான்கிரீட்டை (சுவர்களைச் சுற்றி ஓடும், கம்பி போட்ட கான்கிரீட் பட்டை) விட்டுவிடக் கூடாது. கோவையும் சேலமும் நில அதிர்வுக்கான தர விதி ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பில் மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் இருக்கின்றன. 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியை வலுவான நில அதிர்வு உலுக்கியது. தரைமட்டத்தில் ஒரு பெல்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் உள்ள தாங்கி) மட்டத்தில் ஒன்று, வீட்டைச் சுற்றி எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். ஜன்னல் மேலே மட்டும் துண்டு லிண்டல் போடுவது பெல்ட் ஆகாது. மூலையிலிருந்து ஒன்றரை அடிக்குள் கதவு, ஜன்னல் வைக்காதீர்கள். இப்படிக் கட்டிய வீட்டில் பின்னாளில் ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடிக்க முடியாது. இடித்தால் கூரையே வரும். அந்த ஆசை இருந்தால் ஃபிரேமுக்குப் போங்கள்.

கான்கிரீட் ஃபிரேம். இரண்டு தளத்துக்கு மேல், கீழே வண்டி நிறுத்தம் அல்லது கடை, கரிசல் மண், அகலமான ஹால் என்றால் இதுதான். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. இரண்டும் சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவு விரிவதால்தான் வருடம் முழுக்க வெயில் காய்ந்தும் பிரியாமல் இருக்கின்றன. ஒன்பதுக்கு ஒன்பது இஞ்ச் பில்லரில் கம்பியும், ரிங்கும் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), கவரும் (கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கனம்) போக ஜல்லி இறங்க இடம் போதாது. உள்ளே தேன்கூடு போல ஓட்டை விழும். பொறியாளர் வரைந்த அளவைக் கொத்தனார் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

இரும்பு ஃபிரேம். பழைய வீட்டின் மேல் ஒரு தளம் ஏற்றுவது, 25, 30 அடி தூண் இல்லாத இடம், சீக்கிரம் முடிக்க வேண்டிய வேலை: இந்த மூன்றுக்கும் இரும்பு மிகப் பொருத்தம். ஐந்து இஞ்ச் கான்கிரீட் கூரை சதுர அடிக்கு 29 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 29 டன். பழைய சுவர் அதைத் தாங்குமா என்று சந்தேகம் வந்தால், ஐ செக்‌ஷன் பீமும் லேசான சுவருமாக எடையைப் பாதிக்குக் கீழே கொண்டுவரலாம். ஆனால் இரும்புத் தூணின் கால் பழைய கூரையின் நடுவில் இறங்கக் கூடாது. கீழே பீமோ சுவரோ உள்ள கோட்டில்தான் இறங்க வேண்டும்.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஷெட் போடுவதில் தேர்ந்த ஃபேப்ரிகேட்டர்கள் நிறைய. ஆனால் ஷெட் வேறு, வீட்டின் தளம் வேறு. ஷெட்டின் மேல் யாரும் நடப்பதில்லை. வீட்டில் பீம் உடையாமல் நின்றாலும், நடக்கும்போது தளம் அதிர்ந்தால் டைல்ஸ் விரியும். அதனால் பீமின் அளவு வலுவுக்கு மட்டுமல்லாமல் தொய்வுக்கும் கணக்குப் போட்டதா என்று கேளுங்கள். தூணின் பேஸ் பிளேட் (அடித்தகடு) தரையிலிருந்து குறைந்தது ஆறு இஞ்ச் உயரத்தில், கான்கிரீட் மேடை மீது இருக்கட்டும். வாசல் கழுவுகிற தண்ணீர் தேங்கும் இடத்தில் பேஸ் பிளேட் இருந்தால், மேலே பெயின்ட் பளபளக்கும்போதே அடியில் செதில் செதிலாக உரியும். சதுரக் குழாய் என்றால் இரு முனையையும் தகடு வைத்து மூடி வெல்டு செய்ய வேண்டும். திறந்திருந்தால் உள்ளிருந்து துரு தின்னும், வெளியே தெரியாது. வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஓட்டை தெரிந்தால் அதை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். பிறகுதான் பிரைமர்.

தீயையும் நினைவில் வையுங்கள். இரும்பு எரியாது, ஆனால் 550 டிகிரி சூட்டில் ஏறத்தாழ பாதி வலுவை இழக்கும். சமையலறை மேல் போகும் பீமைக் கான்கிரீட்டால் மூடிவிடுவது நல்லது.

4. கம்பி வாங்கும்போது

சேலத்தில் இரும்பாலை இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அரசு இரும்பாலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு செய்கிறது. வீட்டுக் கம்பி அங்கே வருவதில்லை. கடையில் எஃப்.இ. 500டி தரக் கம்பி கேளுங்கள். "டி" என்பது நீளும் தன்மையைக் குறிக்கும்: சாதாரண 500 குறைந்தது 12 சதவீதம் நீண்டால் போதும், 500டி 16 சதவீதம் நீள வேண்டும். நில அதிர்விலும் வளைக்கும்போதும் அதுதான் கைகொடுக்கும்.

கம்பியை எண்ணி வாங்காதீர்கள், எடை போடுங்கள். கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளத்தில் 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ, 12 மி.மீ. 10.66 கிலோ, 16 மி.மீ. 18.96 கிலோ. பத்துக் கம்பிகளைக் கட்டாக எடை மேடையில் வையுங்கள். 8 மி.மீ. பத்து 44 கிலோவுக்குக் கீழே, 12 மி.மீ. பத்து 101 கிலோவுக்குக் கீழே போனால் தர அளவுக்கு வெளியே போய்விட்டது, திருப்பி அனுப்புங்கள். மெலிந்த கம்பியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது.

கட்டும்போது பார்க்க வேண்டியது ரிங்கின் கொக்கி. அது 90 டிகிரியில் நிற்காமல், 135 டிகிரிக்கு வளைந்து பில்லருக்கு உள்ளே திரும்பியிருக்க வேண்டும், மூன்று இஞ்ச் நீளத்தோடு. பீம் சேரும் இடங்களுக்கு மேலும் கீழும் ரிங் நெருங்கி வர வேண்டும். கவர் பிளாக் (கவர் கனம் குறையாமல் கம்பிக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை) ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ., பில்லருக்கு 40, பீமுக்கு 30, கூரைக்கு 20. ஜல்லிக் கல்லை முட்டுக்கொடுத்தால் அது நழுவிக் கம்பி சென்ட்ரிங் தகட்டில் உட்காரும். முதலில் துருப்பிடிப்பது அந்த இடம்தான்.

5. கான்கிரீட் போடும் நாள்

எம்20 தரக் கான்கிரீட் என்றால் ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), மூன்று பங்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை. ஆயிரம் சதுர அடி, ஐந்து இஞ்ச் கூரைக்குச் சுமார் 95 மூட்டை, இரண்டு யூனிட்டுக்குச் (யூனிட் என்பது 100 கன அடி) சற்றுக் குறைவாக எம்-சாண்ட், மூன்றரை யூனிட் ஜல்லி, பீம் தனி. சிமென்ட் மூட்டையில் அச்சிட்ட வாரத்தைப் பாருங்கள், மூன்று மாதம் தாண்டியது வேண்டாம். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வருவதும் உண்டு. ஒரு கை அள்ளித் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் போட்டுக் கலக்கி வையுங்கள். மேலே தடித்த சேறாகப் படிந்தால் லாரியைத் திருப்புங்கள்.

கெடுவது பெரும்பாலும் கலவை இயந்திரத்தின் வாயில்தான். காலையில் முதல் சில மூட்டைகள் சரியாகவே வரும். பத்து மணி வெயில் ஏறியதும் கலவை பாண்டில் ஒட்டும், கொட்டுகிறவர் கை வலிக்கும், "அரை பக்கெட் சேத்துங்க" என்ற குரல் வரும். ஒரு மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர்தான் அளவு, அதிலும் மணலில் உள்ள ஈரம் அடங்கும். கூடுதல் தண்ணீர் ஆவியாகப் போன இடமெல்லாம் நுண்துளை. அவ்வழியாகத்தான் பின்னால் மழைத் தண்ணீர் கம்பியைத் தேடி வரும். கலவை இறுகினால் அதற்கு மருந்து, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர். மூட்டைக்கு எவ்வளவு என்று டப்பாவில் போட்டிருக்கும். தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவராகவும், அவர் கையில் அளவு குறித்த ஒரே பக்கெட்டாகவும் இருக்கட்டும். ரெடிமிக்ஸ் வாங்கினாலும் லாரிக்காரர் ஹோஸைத் திறக்க விடாதீர்கள். ஏற்றிய நேரத்தைச் சீட்டில் பார்த்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடியுங்கள்.

இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமென்ட். நல்ல சிமென்ட்தான், ஆனால் மெதுவாக வலுவேறும். நம் கோடையில் 14 நாள் ஈரம் காயாமல் வையுங்கள். கூரையில் பாத்தி கட்டிவிட்டுப் பில்லரை மறந்துவிடுகிறார்கள். பில்லருக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள்.

6. சுவர்

தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகள் 2021இல் மூடப்பட்ட பிறகு கோவையில் செங்கல் தேர்வு மாறிவிட்டது. சேம்பர் (அறைச் சூளையில் சுட்ட) செங்கல் வாங்கினால் இரண்டைத் தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்க வேண்டும். மூன்று கிலோ காய்ந்த கல் ஒரு நாள் ஊறிய பிறகு 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) செங்கல்லுக்கும் இதே சோதனை. அளவு சீராக இருப்பதால் பூச்சு மெல்லியதாக முடியும்.

சாலிட் பிளாக் (கெட்டியான கான்கிரீட் கல்) மலிவு, வேலையும் வேகம். 14 நாள் நனைத்துக் காயவைத்த பிளாக்காகக் கேட்டு வாங்குங்கள். செங்கல்லை ஊறவைத்துக் கட்டுவது சரி. பிளாக்கை அப்படி ஊறவைத்தால் சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்கி, படிக்கட்டு மாதிரி வெடிக்கும். மேலே லேசாகத் தெளித்தால் போதும்.

ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். இரும்பு ஃபிரேமுக்கும் மேல்தளத்துக்கும் ஏற்றது, வெயிலும் குறைவாக இறங்கும். ஆனால் கூரையைத் தாங்கும் சுவராக வேண்டாம், குளியலறைக்கும் யோசித்தே போடுங்கள். பில்லரும் சுவரும் சேரும் கோட்டில் எட்டு இஞ்ச் அகலத்துக்குக் கோழி வலை அடித்துப் பூசாவிட்டால் அந்தக் கோடு ஒரு கோடைக்குள் தெரியும். வாளையாறு பக்கம் கேரள வெட்டுக்கல் கிடைத்தால் வெளிச்சுவருக்கு நல்ல கல்.

7. கூரை

கரூர் பரமத்தி, ஈரோடு வெயிலுக்கு வெறும் கான்கிரீட் கூரை இரவு முழுக்கச் சூட்டைக் கீழே விடும். மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய முறை, இன்றும் நிற்கிறது.

ஷீட் கூரைக்கு எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருவது எவ்வளவு வேகம் என்பதற்கு உடுமலை, பல்லடம் காற்றாலைகளே சாட்சி. கோவைக்குக் கணக்கிடச் சொல்லியிருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகம் சதுர அடிக்குச் சுமார் எட்டரைக் கிலோ அழுத்தம் தரும். ஷீட்டின் எடை சதுர அடிக்கு அரைக் கிலோகூட இல்லை. எனவே ஷீட் கூரை கீழே விழுவதைவிட மேலே பறப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஓரங்களிலும் முகட்டிலும் ஸ்க்ரூ இடைவெளியைப் பாதியாக்குங்கள். பர்லினை (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) தூணோடும், தூணைக் கான்கிரீட்டில் புதைத்த போல்ட்டோடும் பிணையுங்கள். ஸ்க்ரூவை மேட்டில் அடிப்பதா பள்ளத்தில் அடிப்பதா என்பது ஷீட்டுக்கு ஷீட் மாறும். கம்பெனித் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

8. சென்ட்ரிங் பிரிப்பது

சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வேலை காத்திருக்கும், தகட்டைக் கேட்பார். ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண) சிமென்டுக்குக் குறைந்தபட்ச நாள் இவை: 15 அடிக்குள் உள்ள கூரைக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 20 அடிக்குள் உள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் கூட்டிப் பேசி வையுங்கள், அதுவும் வாடகை பேசும் அன்றைக்கே. வெளியே நீட்டிய சன்ஷேடு, பால்கனி ஆகியவற்றின் முட்டுகளைக் கடைசியில் எடுங்கள், நுனியிலிருந்து சுவரை நோக்கி. எடுக்கும் முன் மேலே செங்கல், மணல் ஏதாவது குவித்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிடுங்கள்.